தாம்பூலம் வாங்கிய வலைக் கம்பெனி

"நம் நாட்டுப் பொருளையே வாங்குங்கள், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்" என்று டிவியில் யாராவது சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரிமோட் கைக்கு எட்டினால் அணைத்துவிடுவேன். எட்டாவிட்டால் டிவியைப் பார்த்தே திட்டுவேன். "அந்தாளுக்கு இன்னா காதா கேக்கப் போவுது, ஏம்மே கத்தற?" என்பார் என் வீட்டுக்காரர். கேட்காதுதான். காது கேட்கிறவர்களிடமும் கத்திப் பார்த்துவிட்டு வந்தவள் நான், அது அவருக்கும் தெரியும்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம் எங்களுடையது. வீட்டுக்காரர் ஏரியில் இறால் பிடிக்கிறவர். ஏலத்தில் போனது போக மிச்சத்தைக் கூடையில் அள்ளிக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறுகிறவள் நான். ஒரே மகள். அவளை வடக்கே இன்னொரு குப்பத்தில் கட்டிக்கொடுத்தோம். குடிக்காத நேரத்தில் என் மகன் தங்கம் என்று சம்பந்தியம்மா சொல்வாள். அவன் குடிக்காத நேரத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் மத்தியானம் உதடு கிழிந்து, கையில் ஒரு பையோடு மகள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். "எம்மா, இனிமே அங்க போமாட்டேன்" என்றாள். போ என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஆனால் புருஷனை விட்டு வந்தவள் அம்மா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் எங்கள் ஊர் சும்மா விடாது. அடித்து விரட்ட மாட்டார்கள். தண்ணி லாரி வரும்போது ஒருத்தி, ஏலம் நடக்கிற இடத்தில் ஒருத்தி, கோயிலில் ஒருத்தி, "இன்னாடி, இன்னும் போவலியா?" என்று பல்லைக் காட்டிக் கேட்பார்கள். கேட்டுக் கேட்டே பஸ் ஏற்றிவிடுவார்கள். அவளைக் காப்பாற்றியது நானுமில்லை, அவளைப் பெற்றவருமில்லை. வேலைதான் காப்பாற்றியது.

மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு வலைக் கம்பெனி. காலையில் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடும். மிஷினில் நெய்து வருகிற வலையைக் கம்பியில் விரித்துப் போட்டு, எங்கே கண்ணி விட்டிருக்கிறது, எங்கே முடிச்சு நழுவியிருக்கிறது என்று பார்த்து ஊசியால் சரிசெய்ய வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது சோறு அள்ளிச் சாப்பிடுவது மாதிரி. அதனால் எங்கள் குப்பத்தில் முக்கால்வாசி வீட்டிலிருந்து ஒருத்தியாவது அந்த வேனில் போனாள். என் மகளும் போனாள். ஒரு மாதத்தில் அவள் நடையே மாறிவிட்டது. தண்ணி லாரி பக்கத்தில் நின்று கேட்டவளிடம், "போவல அத்தே. டூட்டி கீது, லீவு போட்டாத்தானே போவ முடியும்?" என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அதற்கப்புறம் அந்த அத்தை வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளை விடவில்லை. வேன் நிற்கிற இடத்துக்கே வந்து நின்றான். "வூட்டுக்கு வா" என்றிருக்கிறான். "உன் சோறு எனக்கு வேணாம். நான் சம்பாரிக்கிறேன்" என்றிருக்கிறாள் இவள். "இந்த வேலை எத்தினி நாளைக்குனு நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மகள் இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் சொன்னதற்கு ஏற்ற மாதிரியே கம்பெனியில் பேச்சு கிளம்பியது. வெளிநாட்டிலிருந்து மெல்லிசுத் தங்கூசி வலை மலிவாக வந்து இறங்குகிறது, நம் வலை குடோனில் தூங்குகிறது, ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று. தங்கூசி என்றால் ஒற்றை நரம்பு நைலான். தண்ணீரில் போட்டால் கண்ணுக்கே தெரியாது. எங்கள் ஆண்களும் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டியும் மகளும் ஒரு வலையைச் செய்து வயிறு வளர்க்க, புருஷனும் அப்பனும் வேறொரு வலையை வாங்கி வீசினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மேனேஜரே காரில் எங்கள் ஊருக்கு வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு அம்மன் கோயில் முன்னால் ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்தார். "நீங்க வெளிநாட்டு வலைய வாங்கினா, அந்தக் காசு வெளிநாட்டுல போய் யாரோ ஒரு பொண்ணுக்குச் சம்பளமா போகுது. நம்ம வலைய வாங்கினா உங்க பொண்ணுக்கே திரும்பி வருது. யோசிச்சுப் பாருங்க" என்றார். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? கூட்டத்துக்குப் பின்னால் பெண்களோடு நின்றிருந்த எனக்கே கை தட்டலாம் போலிருந்தது.

ஊர்த் தலைவர் எனக்கு மாமா முறை. அவர் எழுந்து, "இனிமே நம்ம குப்பத்துல வெளிநாட்டு வலை எறங்கக் கூடாது. இது ஊர்க் கட்டுப்பாடு. மீறினா அபராதம், பாடும் கெடையாது" என்றார். பாடு கிடையாது என்றால் சாதாரண தண்டனை இல்லை. ஏரியில் இறால் படுகிற இடங்களை எங்கள் ஆட்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு இந்த வீட்டுக்கு, நாளைக்கு அந்த வீட்டுக்கு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு போனால் நல்ல இடத்தில் வலை போட முடியாது. கரையோரம் சேற்றில் துழாவ வேண்டியதுதான்.

அப்புறம் தட்டைக் கொண்டுவந்தார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு எலுமிச்சம்பழம். எங்களுக்குள் எந்த ஒப்பந்தத்துக்கும் எழுத்து கிடையாது. பாடு பிரித்தாலும் சரி, பெண் கொடுத்தாலும் சரி, சண்டை தீர்ந்து சமாதானம் ஆனாலும் சரி, அம்மன் முன்னால் தாம்பூலத் தட்டை நீட்டுவோம். வாங்கிக்கொண்டவன் கட்டுப்பட்டவன். என் முறையில் நீ விட்டுக்கொடு, உன் முறையில் நான் விட்டுக்கொடுக்கிறேன். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்று ஆகிவிடும்.

மேனேஜர் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு பாக்கைக்கூட வாயில் போட்டுக்கொண்டார். ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது. நாம் அவர் வலையை வாங்குவோம், அவர் நம் பெண்களை வேலையில் வைத்திருப்பார். பேசி முடிந்தாயிற்று என்று நினைத்தார்கள். அந்த மனிதரிடம் ஒருத்தர்கூட, எத்தனை வருஷத்துக்கு, யார் யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பெனியையும் ஏரியில் ஒரு பங்காளி என்று நினைத்துவிட்டது எங்கள் ஊர். பாவிகள், நானுந்தான் நினைத்தேன்.

அந்த வருஷம் நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். கம்பெனி வலையின் நூல் தடிமன். தெளிந்த தண்ணீரில் இறால் அதைப் பார்த்து ஒதுங்கிப் போகும். பக்கத்துக் குப்பத்துப் படகுகள் மெல்லிசு வலையோடு போய் நிறைத்துக்கொண்டு வரும். எங்கள் படகுகள் அடி தெரிய வரும். வீட்டுக்காரர் கரைக்கு வந்து வலையை உதறிப் போடுகிற வேகத்திலேயே அன்றைக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்துவிடும். "வலையா இது, கயித்துக் கட்டில் மாதிரி கீது" என்பார். "உன் பொண்ணு கை பட்ட வலைய்யா" என்பேன். அடங்கிவிடுவார். மகள் மேல் அவருக்கு உயிர்.

எனக்கோ அந்த வருஷம் பைத்தியமே பிடித்திருந்தது. பொன்னேரியில் மீன் விற்றுவிட்டுக் கடைக்குப் போனால், சீப்பு வாங்கினாலும் டார்ச் லைட் வாங்கினாலும் கவிழ்த்துப் பார்ப்பேன், எந்த ஊரில் செய்தது என்று. கடைக்காரன் என்னைக் கண்டாலே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "வாங்க இன்ஸ்பெக்டரம்மா" என்பான். ஒரு மழை நாளில் இருந்த குடையெல்லாம் வெளிநாடு என்று தெரிந்ததும், வேண்டாம் போ என்று தொப்பலாக நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். மூன்று நாள் ஜுரத்தில் கிடந்தேன். யாரோ ஒரு தாய், எந்த ஊரிலோ, என்னை மாதிரியே, என் மகள் செய்த பொருளைத் தேடி வாங்குவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் கொழுந்தனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வீட்டுக்காரருக்கு நேர் இளையவன், வீட்டில் மூன்று பிள்ளைகள். எங்கிருந்தோ வெளிநாட்டு வலை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, படகில் பழைய வலைக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறான். யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் வலையைப் பிடுங்கிப்போட்டார்கள், அபராதம் போட்டார்கள், அந்தப் பருவம் முழுக்கப் பாடு இல்லை என்றார்கள். "அந்தக் கம்பெனியில வேலை செய்யறது நம்ம பொண்ணுங்கடா" என்று தலைவர் மாமா அவன் மேல் பாய்ந்தார். அவன் திரும்பி என்னைத்தான் பார்த்தான். "அண்ணி, நீ உன் பொண்ணு வேலைய பாக்கற. நான் என் புள்ளைங்க சோத்த பாக்கறேன். ரெண்டுல எது பெருசுனு நீயே சொல்லு" என்றான். அதற்கப்புறம் அவன் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

கம்பெனி மட்டும் ஓகோ என்று ஓடியது. எங்களைப் பார்த்து இன்னும் சில குப்பங்களும் கட்டுப்பாடு போட்டன. மேனேஜரே ஊர் ஊராகப் போனார். மகள் ஓவர்டைம் பார்த்துவிட்டுக் கண் சிவந்து வருவாள், ஆனால் முகம் மலர்ந்திருக்கும். ஒருநாள் கையில் லட்டோடு வந்தாள். "எம்மா, இன்னிக்குப் புது மிஷின் வந்து எறங்கிச்சி. இம்மாம் பெருசு! பூசணிக்கா ஒடச்சி, எங்களுக்கெல்லாம் லட்டு குடுத்தாங்க. இனிமே வேலை சுலுவாயிடும்னு சொல்றாங்க" என்றாள். "எந்த ஊர் மிஷின்டி?" என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். "வெளிநாட்டுதாம்" என்றாள். அந்த லட்டை நானும் பிட்டுத் தின்றேன்.

புது மிஷின் மெல்லிசு நரம்பில் நெய்தது. கண்ணி விடாமல் நெய்தது. முடிச்சை அதுவே இறுக்கியது. ஓரத்தையும் அதுவே கட்டியது. கண்ணி விடாத வலையில் என் மகளுக்கு என்ன வேலை? முதலில் வாரத்துக்கு நான்கு நாள் வந்தால் போதும் என்றார்கள். அப்புறம் கூப்பிடும்போது வாருங்கள் என்றார்கள். அப்புறம் வேன் எங்கள் ஊருக்கு வருவதே நின்றுவிட்டது.

நாங்கள் நான்கைந்து அம்மாக்கள் ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனி வாசலுக்குப் போனோம். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றோம். கடைசியில் மேனேஜரே வெளியே வந்து, எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இந்த மாதிரி ஆட்களிடம் அதுதான் கஷ்டம், திட்டக்கூட விட மாட்டார்கள்.

"அம்மன் முன்னாடி தாம்பூலம் வாங்கினீங்களே சார்" என்றேன்.

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். "ஆமாம்மா, வெத்தல பாக்கு குடுத்தாங்க. மரியாதைக்கு வாங்கிக்கிட்டேன். அதுக்கென்ன?" என்றார்.

"அது வாக்கு சார். நாங்க வலை வாங்கறோம்னு, நீங்க எங்க பொண்ணுங்கள வேலைல வச்சிக்கறேன்னு."

"அப்படி நான் ஒரு வார்த்தகூடச் சொல்லலையேம்மா" என்றார். சொல்லவில்லைதான். அப்புறம் அவர் ஒன்று சொன்னார் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் என் உடம்பு பற்றி எரிகிறது. எங்களுக்கு ஆறுதல் என்று நினைத்தே சொன்னார். "உங்களுக்கெல்லாம் நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்மா. உங்க ஊர் மாதிரி நாலு ஊர்ல எங்க வலைய வாங்கினதாலதான் எங்களால இந்த மிஷினே வாங்க முடிஞ்சது."

பக்கத்தில் நின்ற ஒருத்தி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அழவில்லை. அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டேனே என்று இருந்தது. நாங்கள் வெளிநாட்டு வலையைத் தொட்டால் குற்றம், அபராதம், பாடு போச்சு. அவர் வெளிநாட்டிலிருந்து மிஷினையே தூக்கிக்கொண்டு வரலாம், அதற்குப் பூசணிக்காய், லட்டு! எங்களுக்கு நன்றாகப் பட்டை நாமம் போட்டு, அதற்கு நன்றியும் சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் நான் நடுவில் போய் நின்றேன். எங்கள் ஊரில் பெண்கள் பின்னால்தான் நிற்க வேண்டும். போகட்டும், அவர்கள் கட்டுப்பாட்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். "மாமா, அந்தக் கம்பெனி வலைய இனிமே யாரும் வாங்கக் கூடாதுனு சொல்லுங்க. நாம நிறுத்தினாத்தான் அவங்களுக்கு ஒறைக்கும்" என்றேன்.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் தரையைத்தான் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. புது மிஷின் வலை மெல்லிசு. வெளிநாட்டு வலைக்குச் சமமாக இறால் விழுகிறது. விலையும் இறங்கிவிட்டது. பக்கத்துக் குப்பத்துக்காரர்கள்கூட அதைக் கேட்டு வருகிறார்கள். எவன் விடுவான்?

தலைவர் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மருமவளே, உன் வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நல்ல வலை. நம்ம நாட்டு வலை. அதைப்போய் எப்படி வாணாம்னு சொல்றது?"

"என் பொண்ணு வேலை பூட்ச்சே மாமா. அதுக்குத்தானே இந்தக் கட்டுப்பாடே போட்டீங்க?"

"ஊருக்குனு போட்டது. உன் பொண்ணுக்குனு போட்டது இல்ல."

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த என் கொழுந்தன் சிரித்தான். அவன் முகத்தில் சந்தோஷம் ஒன்றுமில்லை. "என் வலைய புடுங்கினப்ப, நம்ம பொண்ணுங்க வேலைக்குனு சொன்னீங்க. இன்னிக்கு ஊருக்குன்றீங்க. எதுனாச்சும் ஒண்ணு சொல்லுங்க மாமா" என்றான்.

"அப்ப அது. இப்ப இது" என்றார் தலைவர் மாமா. கூட்டம் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டது, திருவிழாவுக்கு மைக்செட் யாரிடம் சொல்வது என்று. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கேட்டேன். "நான் இன்னா சொல்றது? வலை நல்லாதானே கீது" என்றார் அந்த மனுஷன், மகள் காதில் விழ.

மகள் சும்மா இருக்கவில்லை. நண்டு கம்பெனியில் கேட்டாள். மீஞ்சூர் பக்கம் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினாள். படிப்பு கேட்டார்கள், சில இடத்தில் வயசு கேட்டார்கள், சில இடத்தில் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஊரில் பேச்சு மறுபடி ஆரம்பித்தது. தண்ணி லாரி பக்கத்தில் அதே அத்தை, ரொம்பக் கரிசனமாக, "இப்ப டூட்டி இல்லியே கண்ணு, ஒரு எட்டுப் போய் பாத்துட்டு வாயேன்" என்றாள்.

மாப்பிள்ளைக்கு யார் சொன்னார்களோ, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அவன் குத்திப் பேசியிருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பேன். மகள் உள்ளே போய்ப் பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

நான் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்தேன். "ஏன்டி, ஒரு வாய் கஞ்சிக்கு இந்த வூட்ல நீ பாரமா? நான் சொன்னனா? உன் நைனா சொன்னாரா?"

"நீயும் சொல்லல, நைனாவும் சொல்லல" என்றாள். "எனக்குத்தாம்மா குந்திகினு துன்ன முடியல. வேலை இருந்திருந்தா அவன் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன்." அழாமல்தான் சொன்னாள். நான்தான் அழுதேன். அழுத என்னைக் கட்டிப்பிடித்துச் சமாதானம் செய்துவிட்டு, அவனோடு பஸ் ஏறிப்போனாள்.

அன்றைக்கு எங்கள் வீட்டுப் பாடு. வீட்டுக்காரர் படகு நிறைய இறால் கொண்டுவந்தார். ஏலத்துக்காரன் கையில் அள்ளிப் பார்த்து, "இன்னாண்ணே, சோக்கா மாட்டிகினு கீதே" என்றான். அவரும் பெருமையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார், சிரிப்பை விழுங்கினார். நான் கூடையை நிரப்பிக்கொண்டு பொன்னேரிக்குப் போனேன். ஒன்றுகூட மிச்சமில்லாமல் விற்றது. வீட்டில் சாமான் எல்லாம் வந்தது, ஊரில் கையில் நாலு துட்டு புழங்குகிறது, கொழுந்தன்கூட அந்த வலையைத்தான் வாங்கியிருக்கிறான். நம் நாட்டுப் பொருளை வாங்கினால் நல்லது நடக்கும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. யாருக்கு என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள்.

மகளுக்கு நான்தான் போன் போடுவேன், மத்தியானத்தில், அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. போன வாரம் போட்டேன். எடுத்தாள். குரல் கம்மியிருந்தது.

"சாப்ட்டியா?"

"உம்."

"குரல் ஏன்டி ஒரு மாதிரி கீது? அடிச்சானா?"

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. கரையில் உட்கார்ந்திருக்கிறாள் போல.

"எம்மா, இங்கயும் அந்தக் கம்பெனி வலைதாம்மா வாங்கி கீறாங்க. மாமனாரு பிரிச்சிப் பாரு, பழுது இருக்கானு சொன்னாரு. காலைலேர்ந்து பாத்துகினு கீறேன். ஒரு கண்ணிகூட அறுந்து இல்லம்மா."

"அவன் அடிச்சானானு கேட்டேன்" என்றேன்.

"நல்ல வலைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.